மிளகு அரங்கும் கணிப்பொறிகளின் உடன்பாடும்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் வழியே செல்வோர் முதலில் அறிவது அத்தெருவின் தோற்றத்தை அன்று. மூக்கில் ஏறும் மிளகு, சுக்கு மணத்தையே. 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயம் அத்தெருவின் கோடியில் நிற்கிறது. பழைய பண்டகசாலைகளின் நடுவே, 1957-இல் நிறுவப்பெற்ற இந்திய மிளகு, நறுமணப்பொருள் வாணிகச் சங்கத்தின் மனையும் உண்டு. மலையாள நாட்டில் வாழும் நம் தமிழன்பர்களுள் பலர் அதனைக் கடந்து சென்றிருப்பர். அம்மனையினுள் பல்லாண்டுகள் நடைபெற்ற ஒரு காரியம், இன்றைய கணிப்பொறி அறிவியலின் கடினமான வினா ஒன்றை விளங்க வைக்கும். ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அங்கு நடந்தது முன்பேர வாணிகம். இன்னும் கைக்கு வாராத மிளகைப் பின்வரும் ஒரு மாதத்தில் ஒப்படைப்பதாக இன்றே விலை பேசி முடித்தல் என்பது அதன் பொருள். தரகர்கள் ஓர் அரங்கிலே நெருங்கி நின்று, விரலசைத்து, தொண்டை கிழிய விலை கூவுவர். வெளியூர் வணிகரின் கட்டளைகள் தொலைபேசி வழியே வந்துகொண்டிருக்கும். புதிதாய்ப் பார்ப்பவருக்கு அது சந்தைக் கூச்சல். எனினும் அக்கூச்சலுக்கு ஓர் அரிய பண்பு இருந்தது: கூவிய சொல் அனைவர் செவியிலும் ஏறத்தாழ ஒரே கணத்தில் விழுந்தது. எவர் முந்தினார், எவர் பிந்தினார் என்று வழக்கு எழுந்தால், சுற்றி நின்றவர் அனைவரும் சாட்சி. முன்பின் வரிசையை அந்த அறையே வகுத்துக் கொடுத்தது.

அந்த அறையை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரு தரகர் கொச்சியில், ஒருவர் மும்பையில், மற்றொருவர் சென்னையில் இருந்துகொண்டு செய்தி மட்டும் அனுப்பிக்கொள்கின்றனர் எனக் கொள்வோம். வழியில் ஒரு செய்தி தாமதிக்கும். பின்னே புறப்பட்டது முன்னே சேரும். கொச்சி ஏட்டில் விற்பனை முதலிலும், மும்பை ஏட்டில் கொள்முதல் முதலிலும் பதிவாகும். மூன்று ஏடுகளும் ஒரே கணக்கைக் காட்டச் செய்வது எங்ஙனம்? தொலைவில் பிரிந்து கிடந்தும் ஒன்றுபோல் இயங்க வேண்டிய கணிப்பொறிகளைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே வளர்ந்தது எனலாம்.

அதற்கு வித்திட்டது ஓர் எளிய குழு. அமெரிக்காவில் கணிப்பொறிகளை இணைக்கும் ‘ஆர்ப்பாநெட்’ வலையை அமைக்க முற்பட்டபோது, பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவர்களாயிருந்த இளைஞர்கள் விதிகளை வகுக்கக் கூடினர். அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் குரோக்கர், 1969 ஏப்ரல் 7 அன்று முதற் குறிப்பை எழுதினார். ஆணையிடுவதாகத் தோன்றலாகாது என்று அஞ்சி, அதற்குக் ‘கருத்துரை வேண்டல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பணிவான பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 29-இல் முதற்செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைப் பொறி நின்றுபோயிற்று.

அக்குறிப்புகளின் வரிசையில் 677-ஆம் எண்ணுடையது, ஒரே தகவலேட்டின் பல படிகளை வெவ்வேறு ஊர்களில் ஒத்திருக்கச் செய்வது பற்றி 1975-இல் ஜான்சன், தாமஸ் என்னும் இருவர் வரைந்தது. அதில் ஒரு குறை கண்ட லெஸ்லி லாம்போர்ட், 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் வழி கூறினார். அவர் கூறியதை நம் தரகர் மொழியில் சொல்லலாம். ஒவ்வொரு ஊர்க் கணக்கரும் தம் சீட்டுகளுக்குத் தொடரெண் இட்டு வரவேண்டும். அனுப்பும் செய்தியிலும் எண் குறிக்கவேண்டும். வந்த செய்தியின் எண் தம் எண்ணைவிடப் பெரிதாயின், தம் எண்ணை அதற்கும் மேலே தாவச் செய்யவேண்டும். இவ்வாறாயின், எந்த மறுமொழியும் தன் வினாவை முந்திய எண்ணைப் பெறாது. ஒரே எண் இரண்டு ஊர்களில் விழுந்தால், முன்கூட்டி உடன்பட்ட ஊர் வரிசைப்படி தீர்க்கலாம். கடிகாரம் இல்லாமலே காலவரிசை பிறந்துவிட்டது!

இதிலும் கடியது, பொய் சொல்பவனை வைத்துக்கொண்டு உடன்பாடு காண்பது. வானூர்தியை இயக்கும் கணிப்பொறிகளுள் ஒன்று பழுதுற்று, ஒன்றிடம் ஒன்றும் மற்றதிடம் வேறொன்றுமாகக் கூறினால் யாது செய்வது என்ற கவலையிலே எழுந்த ஆராய்ச்சி அது. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகிய மூவர் 1982-இல் அதனைப் படைத்தலைவர் கதையாக எழுதினர். லாம்போர்ட் முதலில் கருதிய பெயர் அல்பேனியப் படைத்தலைவர் என்பதாம். அந்நாட்டார் மனம் நோகலாம் என்று நண்பர் ஒருவர் எச்சரிக்கவே, வருந்துவதற்கு ஆளில்லாத பழைய பைசாந்தியப் பேரரசின் பெயரைச் சூட்டினார்.

மூன்று தரகரை எண்ணுங்கள். முதல்வர் இரண்டாமவரிடம் ‘வாங்குக’ என்றும், மூன்றாமவரிடம் ‘விற்க’ என்றும் கூறுகிறார். இரண்டாமவர் தாம் கேட்டதை மூன்றாமவரிடம் உரைக்கிறார். மூன்றாமவருக்குத் திகைப்பு: பொய்யர் முதல்வரா, இரண்டாமவரா? கையொப்பம் போன்ற சான்று இல்லாத வெறும் வாய்ச்சொல்லாயின், எத்துணை முறை திருப்பிக் கேட்டாலும் அவர் அறிய இயலாது. நால்வர் இருந்து ஒருவர் மட்டும் பொய்யராயின், பெரும்பான்மை கொண்டு தீர்க்கலாம். இரு பொய்யரைத் தாங்க எழுவர் வேண்டும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்ப எத்தனை பேர் தேவை என்பதற்குக் கணக்கே இருக்கிறது என்பதை நினைக்க வியப்பாக உள்ளது.

இத்தகைய முடிவுகளைக் கண்டவரை வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகிறது; அவற்றைப் பிறர் சோதிக்க மேடை அமைத்தவரை மறந்துவிடுகிறது. மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் கழகமாகிய ஐ.இ.இ.இ.-யின் கணிப்பொறிச் சங்கத்தில் இதற்கெனவே ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு. அச்சங்கம் 1946-இல் பெருங்கணிப்பு பற்றி ஏற்பட்ட ஒரு துணைக்குழுவைத் தன் மூலமாகக் கொண்டது. பகிர்ந்தியங்கும் கணிப்பொறிகளுக்கான அனைத்துலக மாநாடு முதன்முதலாக 1979 அக்டோபரில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் கூடிற்று. வந்த கட்டுரைகளை ஊதியமின்றிப் படித்து, குறை கூறி, தள்ளுவதைத் தள்ளிக் கொள்வதைக் கொள்வதே குழுவினரின் வேலை. மிளகைப் புடைத்துக் கல்லும் பதரும் களையும் வேலை போன்றதே அதுவும்.

நம் நாட்டில் 1986-இல் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலைத்திட்டம் தொடங்கிற்று. மத்திய மின்னணுவியல் துறை, பெங்களூர் இந்திய அறிவியற் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், மும்பைத் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியன அதில் சேர்ந்தன. மும்பை மையத்தை நடத்திய சீனிவாசன் ரமணி இம்முயற்சியின் தூண்களுள் ஒருவர்; 2014-இல் இணையப் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார்.

பின்னர்க் கடலடி வடங்கள் கொச்சியிலேயே கரையேறின. மட்டாஞ்சேரிச் சங்கம் 1997-இல் அனைத்துலக மிளகு ஒப்பந்தத்தைத் தொடங்கிப் பெயர் பெற்றிருந்தது. ஆயினும் 2003-இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கிய தேசியப் பண்டச் சந்தையாகிய என்.சி.டி.இ.எக்ஸ்., விரைவில் மிளகையும் கணிப்பொறித் திரையில் ஏற்றியது. எந்த ஊரிலிருந்தும் விலை கூறலாம் என்றானபின், ஓர் அறையில் கூடுவானேன்? மட்டாஞ்சேரிச் சங்கமும் திரைக்கு மாறிற்று, கூவல் ஓய்ந்தது. குரலையே பிழைப்பாகக் கொண்ட தரகருக்கு அது சிறிய இழப்பன்று.

புதிய முறையில் ஏடுகள் பிசகாமல் ஒத்திருந்தன. எவர் விற்றார், எவர் வாங்கினார், எந்தக் கணத்தில் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் 2012 டிசம்பரில், அச்சந்தையின் ஒப்பந்தங்களுக்காகக் கொச்சிப் பண்டகசாலைகளில் அடுக்கியிருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை, கனிம எண்ணெய் கலந்துள்ளதென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரையிட்டனர். முழுப் பணம் கொடுத்து வாங்கியவர் சரக்கை எடுக்க இயலாமல் நீதிமன்றம் வரை அலைந்தனர். 2013-இல் மிளகு ஒப்பந்தம் நின்றது. எல்லாப் பொறிகளும் ஒருமுகமாக உடன்பட்டிருந்தது ஏட்டில் எழுதிய சொல்லைப் பற்றியே. மூட்டையினுள் இருந்ததை எந்தப் பொறியும் பார்க்கவில்லை. அதை அறியக் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டி, கசக்கி முகர்ந்து பார்க்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.