உராய்வு மறைத்த உண்மை

நாம் தள்ளிவிட்ட வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது. இதுபோன்றவற்றைக் கண்ட கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்தோத்தில், இயக்கம் நீடிக்க விசையும் நீடிக்க வேண்டும் எனக் கி. மு. 4ஆம் நூற்றாண்டிலே கூறினார். கண்ணாரக் கண்டதை யார்தான் மறுப்பர்? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அக்கருத்தே பெரிதும் ஆட்சி செலுத்தியது.

இத்தாலிய அறிஞர் கலிலியோவோ சோதித்துப் பார்த்தார். சாய்ந்த பலகையிலே வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகிய நீரின் நிறையைக் கொண்டு காலத்தை அளந்தார். இறக்கத்தில் வேகம் கூடும்; ஏற்றத்தில் குறையும்; எனவே தடையற்ற சமதளத்தில் குண்டு ஓய்வின்றி ஓடும் எனத் துணிந்தார். வீட்டுக் காவலில் அவர் எழுதி முடித்த நூல் 1638இல் வெளிவந்தது. 1687இல் நியூற்றன் இவ்வுண்மையை இயக்கத்தின் முதல் விதியாக வகுத்தார். வண்டியை நிறுத்தியது அதன் இயல்பன்று; உராய்வே!

1699இல் பிரான்சிய அறிஞர் அமொந்தோன், பாரம் கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும் எனக் காட்டினார்.

ஆயினும் உராய்வு நமக்குப் பகையன்று. அஃதின்றேல் ஓரடி நடக்கவும் இயலாது. கட்டிய முடிச்சும் நில்லாது. அச்சுக்கு எண்ணெய் இடும் வண்டிக்காரர் சில்லின் விளிம்புக்கு இடுவதில்லை. பெரியோர் கூற்றைப் போற்றும் நாம், அதனைச் சோதித்தறியவும் பழகுவோமாக.