மையப் போக்கின் அரசியல்: மூக்கு, மாடு, இருபது ரூபாய்

மையம், விளிம்பு என்று நாம் பேசாத பேச்சில்லை. பிரதிக்குள் மையம், மொழிக்குள் மையம், சாதிக்குள் மையம். ஆனால் பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் ‘மையப் போக்கு அளவைகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதை ஒருத்தரும் சீண்டியதில்லை. சராசரி, இடைநிலை அளவு, முகடு. சுலபமாக மார்க் வாங்கித் தருகிற பாடம் என்பதால் அதை அறிவியலின் வெகுளியான ஒரு மூலையாக விட்டுவைத்திருக்கிறோம். அங்கேதான் நம்முடைய முன்னோர்களின் மூக்கு அளக்கப்பட்ட கதை கிடக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பத்து வீடுள்ள ஒரு தெரு. நாலு வீட்டில் மாத வருமானம் 6,000 ரூபாய். ஒரு வீட்டில் 7,000. இரண்டு வீட்டில் 8,000. அப்புறம் 9,000க்கு ஒரு வீடு, 10,000க்கு ஒரு வீடு. கடைசி வீடு ரைஸ்மில்காரருடையது, 2,34,000. எல்லாவற்றையும் கூட்டினால் 3 லட்சம், பத்தால் வகுத்தால் 30,000. இதுதான் சராசரி. தெருவில் முப்பதாயிரம் பார்க்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. வருமானத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பிடித்தால் இடைநிலை அளவு. வீடுகள் இரட்டைப்படை என்பதால் ஐந்தாவதையும் ஆறாவதையும் (7,000, 8,000) சேர்த்துப் பாதியாக்க வேண்டும்: 7,500. அதிகமுறை வருகிற எண் முகடு: 6,000. ஒரே தெரு, மூன்று மையம். நாளைக்கே ரைஸ்மில்காரர் வருமானம் இரட்டிப்பானால் சராசரி 53,400 ஆகிவிடும். மற்ற இரண்டும் இம்மியும் அசையாது. தெரு முன்னேறிவிட்டது என்று அறிக்கை எழுதுகிறவர் எந்த எண்ணைக் கையில் எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சராசரி என்பது பாரசீக மூலமுள்ள சொல். சென்னை மாகாணத்து ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் தானியத்தைப் பணமாக மாற்ற ஒரு விலை வேண்டியிருந்தது. பஞ்சம் இல்லாத இருபது வருஷத்து விலையின் சராசரியை அதற்கு எடுத்தார்கள். பஞ்சத்தில் விலை ஏறும், அதை நீக்கினால் விலையும் வரியும் குறையத்தானே செய்யும், ரயத்துக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஏட்டில் பஞ்சம் என்பது கணக்கைக் கெடுக்கிற விதிவிலக்காக மாறியதைக் கவனிக்க வேண்டும். 1876–78 பஞ்சத்தை ரயத்து தன் வாழ்க்கையிலிருந்து நீக்கிக்கொள்ள முடியவில்லை.

மனித உடலுக்குச் சராசரியைக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்து வானவியலாளர் அடால்ப் கெத்லே. ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுப்பது வானவியலாளர்களின் பழக்கம். நட்சத்திரம் ஒன்று, அளவுகள் பல, வித்தியாசமெல்லாம் அளந்தவரின் பிழை. 1835இல் வந்த நூலில் கெத்லே ‘சராசரி மனிதன்’ என்ற ஒருவனைக் கட்டமைத்தார். பிறகு 5,738 ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்புச் சுற்றளவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அளவுகள் 40 அங்குலத்தை ஒட்டி அழகாகக் குவிந்தன. நட்சத்திரமாவது வானத்தில் இருக்கிறது. இந்தச் சராசரி மனிதன் எங்கே இருக்கிறான்? எங்குமில்லை. இருந்தும் அவன்தான் அசல், இரத்தமும் சதையுமான சிப்பாய்கள் அவனுடைய பிழையான நகல்கள் என்றாயிற்று.

இந்தப் புனைவு இந்தியாவுக்கு வந்தபோது சாதியோடு கைகோர்த்துக்கொண்டது. ஹெர்பர்ட் ரிஸ்லி 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் நாசிக் குறியீடு. சாதிவாரியாக அதன் சராசரியை எடுத்து வரிசைப்படுத்தினால் சமூகப் படிநிலை அப்படியே வந்துவிடும், மூக்கு அகல அகல அந்தஸ்து இறங்கும் என்பது ரிஸ்லியின் ‘விதி’. இங்கே சென்னையில் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். 1909இல் ஏழு தொகுதிகள் வந்தன. வயநாட்டுப் பணியர் பெண்கள் தன்னைக் கண்டு ஓடியதை அவரே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். நம்மைப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைக்கப்போகிறான் என்று அவர்கள் பயந்தார்களாம். அவருக்கு அது அறியாமை. எனக்கென்னவோ, அந்தக் காலத்தில் மானிடவியல் பற்றிச் சொல்லப்பட்ட மிகத் துல்லியமான விமர்சனமாகவே படுகிறது. அவர்கள் பாடம் செய்யப்படத்தான் செய்தார்கள், ஒரு சராசரியாக.

தர்ஸ்டனின் அட்டவணைகளில் சராசரிக்குப் பக்கத்திலேயே ‘அதிகபட்சம்’, ‘குறைந்தபட்சம்’ என்றும் எண்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிறவனுக்கு விஷயம் உடனே புரியும். ஒரு சாதியின் குறைந்தபட்சமும் அடுத்ததன் அதிகபட்சமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பிராமணர்களுக்குள்ளேயே அகல மூக்கு உண்டு, பறையர்களுக்குள்ளேயே கூர் மூக்கு உண்டு. சாதிக்குள் இருக்கிற இந்தப் பன்மையை அழித்த பிறகுதான் சாதிகளுக்கு இடையில் படிக்கட்டு தெரிகிறது. அழிக்கிற வேலையைச் செய்தது வகுத்தல் கணக்கு.

இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. மகலனோபிஸ் 1933இல் ‘சங்க்யா’ இதழில் ரிஸ்லியின் வங்காள அளவுகளை மறுபரிசீலனை செய்தார். அது கணக்காளர் பதில். அரசியல் பதில் அம்பேத்கருடையது. 1948இல் வந்த ‘தீண்டப்படாதார்’ நூலில், குர்யே 1932இல் தொகுத்திருந்த அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவர் எதிரியின் ஆயுதத்தையே திருப்பினார். அளவுகளை நம்புவதாக இருந்தால் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றுதான் முடிவாகிறது. அவர்கள் ஆரியர் என்றால் இவர்களும் ஆரியர், அவர்கள் திராவிடர் என்றால் இவர்களும் திராவிடர். தீண்டாமையின் வேர் இரத்தத்தில் இல்லை என்று காட்ட மூக்கு அளவே சாட்சியாயிற்று. எண்களைக் கண்டாலே ஓடுகிற நம் இலக்கிய நண்பர்கள் அந்த அத்தியாயத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்கலாம்.

சரி, சராசரி என்றாலே அதிகாரத்தின் கருவி என்று தூக்கிப் போட்டுவிட முடியுமா? முடியாது. தாதாபாய் நௌரோஜி அரசியலுக்கு முன்னால் கணக்கு வாத்தியார். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1876இல் அவர் வாசித்த ‘இந்தியாவின் வறுமை’ கட்டுரை, 1867–70 காலத்து உற்பத்தியைத் தலைக்கு இருபது ரூபாய் என்று கணக்கிட்டது. சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் அரசாங்கமே செலவழித்த தொகை அதைவிட அதிகம் என்று பக்கத்தில் வைத்துக் காட்டினார். குற்றம் செய்து உள்ளே போனவனுக்குக் கிடைக்கிற அளவுகூட வெளியே உழுகிறவனுக்கு இல்லை. அதே கட்டுரையில் அரசாங்க அறிக்கைகளின் சராசரியையும் பிய்த்துப் போட்டார். மாவட்டத்துக்கு மாவட்டம் ஏக்கர் விளைச்சலை எழுதி, கூட்டி, மாவட்ட எண்ணிக்கையால் வகுத்து வைத்திருந்தார்கள். சில நூறு ஏக்கர் பயிர் செய்த மாவட்டமும் லட்சக்கணக்கில் பயிர் செய்த மாவட்டமும் அதில் சமம்! பள்ளிப் பையன் செய்தால் முட்டை மார்க். 1882இல் அரசாங்கத் தரப்பு 27 ரூபாய் என்றது, 1901இல் கர்சன் 30 ரூபாய் என்றார். ஒரு சாம்ராஜ்யத்தின் நியாயமே இந்த ஏழு, பத்து ரூபாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இருபதும் எல்லார் கைக்கும் போய்ச் சேரவில்லை, மேலே இருக்கிறவர்கள் அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் நௌரோஜிக்குத் தெரியும். இருந்தும் அவருக்குச் சராசரிதான் வேண்டியிருந்தது. சுரண்டல் என்பது மொத்தத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. மொத்தம் சராசரிக்குள் மட்டும்தான் இருக்கிறது. இடைநிலை அளவுக்கு ரைஸ்மில்காரரின் கொள்ளை தெரியவே தெரியாது. அவர் கோடி சம்பாதித்தாலும் அது 7,500 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த இடைநிலை அளவுக்கு ஜனநாயக மூலாம் பூசியவர் பிரான்சிஸ் கால்டன். 1906இல் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை தேறும் என்று ஆறு பென்ஸ் கட்டி ஊகிக்கும் போட்டி. 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தினார். நடுச்சீட்டு 1,207 பவுண்ட், உண்மை எடை 1,198. நடுவில் நிற்பதே மக்கள் குரல், ஏனெனில் வேறு எந்த எண்ணைச் சொன்னாலும் அதிகம் என்றோ குறைவு என்றோ பெரும்பான்மை நிராகரித்துவிடும் என்று 1907இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். (சராசரி 1,197, இன்னும் நெருக்கம். அதைப் பிறகுதான் சொன்னார்.) மாட்டு எடையில் சனங்களை நம்பிய இதே மனிதர்தான் 1883இல் இனமேம்பாட்டியலுக்குப் பெயர் வைத்தவர். வரிசையில் நிறுத்துவது என்றால் நடுவில் இருப்பவனைக் காண்பது மட்டுமா? கடைசியில் நிற்பவனையும் அடையாளம் காண்பது.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2022–23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் கிராமப்புற இந்தியாவின் தலைக்கு மாதச் செலவு சராசரி 3,773 ரூபாய். அடிமட்ட ஐந்து சதவீதத்துக்கு 1,373, உச்சி ஐந்து சதவீதத்துக்கு 10,501. ஐம்பதிலிருந்து அறுபது சதவீதம் வரை உள்ள பிரிவின் செலவுகூட 3,455தான். அதாவது பத்தில் ஆறு பேர் சராசரிக்குக் கீழே. செய்தியில் வந்தது சராசரி.

முகடு பற்றிப் பேசாமல் விட்டால் அது தப்பித்துக்கொள்ளும். அந்தக் கலைச்சொல்லை 1895இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் பியர்சன். என் பத்து வீட்டுத் தெருவில் யாரோ உண்மையில் சம்பாதிக்கிற எண் முகடு ஒன்றுதான். அதனால் நேர்மையானது போலத் தோன்றும். ஆனால் அது கட்டம் போடுகிறவனின் எண்ணும்கூட. 5,001 முதல் 10,000 வரை ஒரே கட்டம் என்று கோடு கிழித்தால் ஒன்பது வீடும் உள்ளே விழுந்து பெரும்பான்மை உருவாகிவிடும். ஆயிரம் ரூபாய்க் கட்டமாக்கினால் எந்தப் பெரும்பான்மையும் இல்லை.

1911 கணக்கெடுப்புக்கு முன்னால் ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ‘இந்து’ என்ற கட்டத்துக்குள் எழுதப்பட்டவர்களில் பிராமணர் மேலாண்மையை ஏற்காதவர் யார், வேதத்தை ஏற்காதவர் யார், கோயில் உள்ளே விடப்படாதவர் யார், தொட்டால் தீட்டு எனப்படுகிறவர் யார், பிணத்தைப் புதைக்கிறவர் யார், மாட்டிறைச்சி தின்கிறவர் யார் என்று பத்துச் சோதனைகள். இந்தக் கணக்கெடுப்பையும் அம்பேத்கர் அதே நூலில் விவாதிக்கிறார். சோதனை வேண்டாம், எங்களை மொத்தமாகவே எண்ணுங்கள் என்று அன்றைக்குப் பதறியவர்கள் யார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.