ஆடம்ஸ் குடும்பமும் பீஸ்ஃபீல்ட் இல்லமும்

அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸ் (1735–1826), அவர் மகனும் ஆறாம் அதிபருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் (1767–1848) ஆகியோரைத் தந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆடம்ஸ் குடும்பம். இருவரும் பிறந்த வீடுகள் குவின்சி நகரில் அடுத்தடுத்து இன்றும் நிற்கின்றன. ஆயினும் நான்கு தலைமுறையினர் வாழ்ந்த வீடு, அதே ஊரிலுள்ள பீஸ்ஃபீல்ட்தான்.

இதைக் கட்டியவர்கள் ஆடம்ஸ் குடும்பத்தார் அல்லர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் நடந்த கரும்புத் தோட்டங்களில் பணம் சேர்த்த லெனார்ட் வாசல், 1731இல் இதைக் கோடைக்கால மாளிகையாக எழுப்பினார். லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, 1787இல் ஜான் ஆடம்ஸ் இதை வாங்கினார். மறு ஆண்டு ஊர் திரும்பிய மனைவி அபிகெயிலுக்கு வீடு ஏமாற்றமாகவே இருந்தது. ஐரோப்பாவின் விசாலமான வீடுகளில் இருந்து பழகியவருக்கு இதன் அறைகள் சின்னஞ்சிறியவையாகத் தெரிந்தன. கணவர் அதிபராக இருந்த காலத்தில் அவரே முன்னின்று வீட்டை விரிவாக்கினார். கீழே நீண்ட கூடமும் மேலே கணவருக்குப் படிப்பறையும் சேர்ந்தன. விடுதலை அறிவிப்பின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4இல் ஜான் ஆடம்ஸ் இவ்வீட்டில் காலமானார். நெடுநாள் அரசியல் எதிரியும் பின்னாளில் நண்பருமான மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் இறந்ததும் அதே நாளில்தான்.

மகன் ஜான் குவின்சியின் பெருமை அதிபர் பதவியோடு முடியவில்லை. பதவிக்குப் பின் செய்ததே பெரிது என்றும் சொல்லலாம். 1831 முதல் இறக்கும்வரை பிரதிநிதிகள் சபையில் இருந்து, அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விடாமல் கொண்டுவந்தார். அமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்து சிறைப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக 1841இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். விடுதலை பெற்ற அவர்கள் நன்றியாக அளித்த விவிலியம், கரும்புப் பணத்தில் எழுந்த இதே மனையில் உள்ள நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நூலகம் தனிக் கட்டடம். தம் நூல்கள் தீக்கு இரையாகாமலிருக்கக் கல்லில் ஒன்று கட்ட வேண்டும் என்பது ஜான் குவின்சியின் உயில். உள்நாட்டுப் போர்க்காலத்தில் லண்டனில் தூதராக இருந்த அவர் மகன் சார்லஸ் பிரான்சிஸ், 1870இல் அதை நிறைவேற்றினார். அடுத்த தலைமுறையில் ஹென்றி, புரூக்ஸ் இருவரும் அரசியல் பதவியை நாடாமல் வரலாற்றாசிரியர்களாயினர். வீட்டில் கடைசியாக வாழ்ந்த புரூக்ஸ் 1927இல் மறைந்தார்.

1946இல் குடும்பத்தார் வீட்டை அரசுக்கு அளித்தனர். இன்று இது ஆடம்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. நூல்கள் கல்நூலகத்திலேயே இருக்கின்றன. ஜான் குவின்சியின் 51 தொகுதி நாட்குறிப்பு உள்ளிட்ட குடும்பக் கையெழுத்து ஆவணங்கள் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் பொறுப்பில் உள்ளன.