பேர் எழுதாத கல்லறைகள்

நம் கூட்டமைப்பின் மலருக்கு ஒவ்வொரு குழுவும் அவங்க ஊர் வரலாறு எழுதித் தரணும்னு சொன்னாங்க. எங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுவது நான்தான். அதனால "நீயே எழுதிடுக்கா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு கல்லறை வரலாறுதான். அதையே எழுதுகிறேன்.

பழவேற்காடு என்றால் உங்களுக்கு ஏரியும் இறாலும் நண்டும் ஞாபகம் வரும். நம்ம கண்காட்சிக்கு வருகிற பனை ஓலைக் கூடையும் ஞாபகம் வரும். ஆனால் 400 வருஷத்துக்கு முன்னால் இது பெரிய துறைமுகம். முதலில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். மகிமை மாதா கோவில் 1515-ல் அவர்கள் காலத்தில் தொடங்கியது. பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது நம்ம ஊர்த் துணி. இந்தப் பக்கத்துத் தறியில் நெய்த கட்டம் போட்ட துணி கப்பலேறிக் கிழக்கே போனது. இன்றைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு நம்ம ஊர்ப் பெயரில் 'பெலிக்காட்' என்றுதான் பேர்.

துணி மட்டும் போகவில்லை, மனுஷர்களும் போனார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் சோத்துக்கு வழியில்லாத குடும்பங்களின் ஆட்களையும் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி, இப்போது ஜகார்த்தா என்கிறோமே, அந்த பதாவியாவுக்கு அனுப்பினார்கள். அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் எங்கே செத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

வாங்கி அனுப்பியவர்களின் கல்லறை மட்டும் இங்கே இருக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பம் நிற்கும். சின்ன வயசில் அதைப் பார்த்து ஓடியிருக்கிறேன். உள்ளே 1600களிலும் 1700களிலும் செத்தவர்களின் கல்லறைகள். பெரிய பெரிய கல்லில் பேரும் தேதியும் குடும்பச் சின்னமும் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இடிந்து முள் மூடிவிட்டது, கல்லறை நின்றுவிட்டது. இப்போது மத்திய தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. 100 மீட்டருக்குள் புதுசாகக் கட்டடம் கட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

எங்கள் கல்லறை வேற. அது மணலும் மரச்சிலுவையும்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமே பெண்கள் எல்லாரும் துடைப்பமும் களைக்கொத்தியும் எடுத்துக்கொண்டு போவோம். புல் செதுக்கி, மணல் அள்ளி மேடு கட்டி, சுண்ணாம்பு அடிப்போம். அன்றைக்குச் சாயங்காலம் செவ்வந்திப்பூ, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். செத்தவங்களுக்குப் பிடித்த பலகாரம் வைத்து, பிறகு பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. யாரும் எழுதி வைத்த முறை இல்லை. அம்மா செய்தாள், நாங்கள் செய்கிறோம்.

அந்த அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒன்றுதான் கேட்டாள்: "என்னை எங்கம்மா பக்கத்துலயே வைங்கடி." சரி என்று தலையாட்டினேன். அம்மா போன அன்று கல்லறைக்குப் போனால், ஆயா எங்கே என்று எங்களால் காட்ட முடியவில்லை. உப்புக் காத்தில் மரச்சிலுவை எப்போதோ உளுத்துப் போயிருந்தது. கடைசி சில வருஷமாக நடக்க முடியாமல் அம்மா கல்லறைக்கு வரவில்லை. இடம் அவளுக்குத்தான் தெரியும், நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா ஒரு இடம் சொன்னாங்க, மாமா ஒரு இடம் சொன்னார். கடைசியில் ஒரு குத்துமதிப்பாகத்தான் அம்மாவை வைத்தோம்.

வீட்டுக்கு வருகிற வழியில் அந்த எலும்புக்கூடு வாசலைத் தாண்டித்தான் வந்தோம். 300 வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்து செத்த ஒருத்தியின் பேரைக் கல்லில் படிக்க முடிகிறது. 30 வருஷத்துக்கு முன்னால் செத்த என் ஆயாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று அழுததைவிட அதை நினைத்து அழுததுதான் அதிகம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எங்கள் குழுவில் முஸ்லிம் அக்காவும் இருக்காங்க, இந்து தங்கச்சியும் இருக்கா. அக்கா சொன்னாங்க, "எங்க கபர்ஸ்தான்லயும் பாதி கபுரு யாருதுன்னு பெரியவங்களுக்குத்தான் தெரியும்." தங்கச்சி சொன்னா, "எங்க வீட்டுல பொம்பளைங்க சுடுகாட்டுக்கே போறதில்ல. எங்க பாட்டி பேருக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது." சேமிப்புக்கும் கடனுக்கும் பைசா விடாமல் கணக்கு எழுதுகிறவர்கள் நாம். நம்ம வீட்டு மனுஷங்களுக்கு ஒரு கணக்கு இல்லையே என்று தோன்றியது. ஒரு 80 பக்க நோட்டு வாங்கினோம். பேர், யார் மகள், எந்த வருஷம், எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதுகிறோம். கிழவிகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கேட்டு எழுதுகிறோம். சுடுகாட்டில் எரித்தவர்களுக்கும் பேரும் வருஷமும் உண்டு.

உங்கள் ஊரிலும் செய்யுங்கள். பழைய கல்லறை இருந்தால் சில விஷயம் கவனம். அரசு பாதுகாக்கும் இடத்தில் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. நம்ம கல்லறைதான் என்றாலும் பழைய கல்லை ஆசிட் ஊற்றியோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். சுண்ணாம்புக் காரையில் கட்டியதற்கு மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கல் பொரிந்துவிடும். அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் ஆயா பேர் இருக்கிறது. இடம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதற்குக் கீழே அம்மா பேர்: வாசலிலிருந்து உள்ளே வந்தால் வேப்பமரம், அங்கிருந்து கிழக்கே ஒன்பது அடி. இந்தக் கட்டுரை எழுதுவதற்கு முன்னால் என் மகளைக் கூட்டிப்போய் அளந்து காட்டிவிட்டு வந்தேன்.