அரண்மனைக்குள் ஒரு வகுப்பறை: திருவனந்தபுரத்தில் வீட்டுவழி அறிவியல் கல்வி

வயது வேறுபட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அறிவியல் கற்பிக்க எந்தப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா, இன்றைய பெருநகரப் பெற்றோரிடையே புதிதாக எழுந்ததுபோல் தோன்றுகிறது. கல்வி வரலாற்றில் அது பழைய வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருவிதாங்கூர் அரச குடும்பம் அதனை இருமுறை எதிர்கொண்டது. இருமுறையும் ஆசிரியர் காவிரிக் கரையில் வேர்கொண்டவராகவே அமைந்தார்.

முதலாமவர் தஞ்சாவூர் சுப்பாராவ். ஆங்கிலப் புலமை காரணமாக ‘இங்கிலீஷ் சுப்பாராவ்’ என்றே அறியப்பட்டவர். பின்னாளில் திவானும் ஆனார். 1825-இல் அரண்மனைக்கு வந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், அவரிடம் பயின்ற சுவாதித் திருநாளைச் சந்தித்த காட்சியைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். 1813-இல் பிறந்த அச்சிறுவர் யூக்ளிடின் 47-ஆம் தேற்றத்துக்குரிய படத்தைச் சிலேட்டில் வரைந்து காட்டினார். நம் மாணவர்கள் பிதாகரஸ் தேற்றம் எனப் படிப்பது அதுவே. ‘ஜியோமெட்ரி’ என்னும் சொல் சமஸ்கிருதத்து ‘ஜ்யாமிதி’யிலிருந்து பிறந்தது என்றும் அவர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

அச்சொல் உண்மையில் நிலத்தையும் அளத்தலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆனது. ஆயினும் இப்பிழை வீட்டுக் கல்வியின் இரு இயல்புகளை ஒருங்கே காட்டுகிறது. அயல்நாட்டு அறிவைப் பிள்ளை ஏற்கெனவே அறிந்த மொழியோடு பிணைத்துக் கற்பிப்பது ஓர் ஆசிரியர் ஒரு மாணவரோடு அமர்ந்திருக்கும்போது எளிது. அது அதன் வலிமை. ஆசிரியரின் கூற்றை மறுத்துரைக்க இரண்டாவது குரல் அவ்வறையில் இல்லை. அது அதன் குறை.

இரண்டாமவர் 1828-இல் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். சென்னை உயர்நிலைப் பள்ளியில் ஐர் பர்ட்டன் பவலிடம் பயின்று, அங்கேயே கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1849-இல் இளவரசர்களுக்கு ஆசிரியராகத் திருவனந்தபுரம் வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 21. மாணவர்களுள் ஆயில்யம் திருநாளுக்கு 17 வயது. அவர் தம்பி விசாகம் திருநாளுக்கு 12. ஒரே வீடு, ஒரே ஆசிரியர், ஐந்தாண்டு இடைவெளியுள்ள இரு மாணவர்கள்.

இக்கல்வி எதனை விளைவித்தது? சுவாதித் திருநாளின் நாட்டம் வானத்தை நோக்கிச் சென்றது. 1837-இல் அவர் ஆதரவில் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம் எழுந்தது. ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின்வந்த ஜான் ஆலன் பிரவுன், 1850-களில் அகத்தியமலை உச்சியிலும் புவிக்காந்த அளவீடுகளை நடத்தினார். சுவாதியின் தம்பி உத்திரம் திருநாளை ஈர்த்தது மேலை மருத்துவம். மனித எலும்பைத் தொடுதல் தீட்டெனக் கருதப்பட்டதால், யானைத் தந்தத்தில் எலும்புக்கூடு ஒன்றைச் செதுக்குவித்து அவர் உடற்கூற்றியல் பயின்றார் என்று திருவிதாங்கூர் வரலாறுகள் கூறுகின்றன. விசாகம் திருநாளோ தாவரங்களில் ஈடுபட்டார். மரவள்ளிச் சாகுபடியைத் திருவிதாங்கூரில் பரப்பினார். பிற்காலத்தில் ஏழை எளியோரின் பசியாற்றிய கிழங்கு அது.

வானம், உடல், தாவரம் என மூவர் மூன்று திசைகளில் சென்றதை ஒரு பாடத்திட்டத்தின் வெற்றியாகக் கொள்ள இயலாது. பிள்ளையின் நாட்டத்துக்கு நேரமும் கருவியும் கிடைத்தமையே அதற்குக் காரணம். தந்த எலும்புக்கூடு அதற்குத் தக்க சான்று: சமூக விலக்கு ஒன்றைப் பொருள்வளத்தால் கடக்க அவ்வீட்டால் முடிந்தது, விலக்கை நீக்க முடியவில்லை, நீக்க வேண்டிய தேவையும் அவ்வீட்டுக்கு இல்லை.

அரண்மனை வாயிலுக்கு வெளியே அந்த விலக்கே கல்வியைத் தீர்மானித்தது. மக்கள் கல்விக்கான செலவை அரசே ஏற்கும் என்று இராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஆணையிட்டார். 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தோன்றியது; இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியின் மூலம் அதுவே. இவ்வளவு நிகழ்ந்தும், புலையர் குழந்தைகள் அரசுப் பள்ளியில் நுழைய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்த அய்யன்காளி அதற்காகப் போராடினார். பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அப்பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. அந்த ஊர் திருவனந்தபுரத்துக்கு அண்மையிலேயே உள்ளது.

கல்வி வரலாற்று நூல்களில் இளவரசர்களின் ஆசிரியர்கள் ‘நவீனமயமாதல்’ என்னும் இயலிலும், பஞ்சமி ‘சமூகச் சீர்திருத்தம்’ என்னும் இயலிலும் தனித்தனியே இடம்பெறுகின்றனர். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் அறிவியல் கற்பிக்க விழையும் இன்றைய பெற்றோர்க்கும் அச்சேர்க்கையில் பாடம் உண்டு. மூத்த பிள்ளைக்கு எந்த நூல், இளைய பிள்ளைக்கு எந்த நூல் என்பது இரண்டாம் நிலை வினாவே. கற்பிப்பவர் சொன்னதைச் சோதித்து மறுக்கும் வாய்ப்பு பிள்ளைக்கு உண்டா, வீட்டில் கற்றது வெளியிலுள்ள பிறரோடு பகிரப்படுமா என்னும் இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். அந்த அரண்மனை வகுப்பறை முதல் வினாவை எழுப்பவே இல்லை. இரண்டாவதற்கு வானாய்வுக்கூடமும் மரவள்ளியும் ஓரளவு விடையளித்தன. பஞ்சமிக்கு அந்த விடை எட்டவில்லை.