கணினிக்கு ஒரு துறைமுக வழிகாட்டி

சென்னைத் துறைமுகத்தை நெருங்கும் வெளிநாட்டுக் கப்பலில் பைலட் என்னும் வழிகாட்டி ஏறுகிறார். கப்பல் தலைவர் பல கடல் கண்டவரே. ஆனால் இத்துறையின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் நன்கறிந்தவர் வழிகாட்டியே. கணினியில் இப்பணியைச் செய்வது 'இயக்கி' என்னும் நிரல். பிணைய அட்டையின் எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை இட்டால் செய்தி புறப்படும் என்பது இயங்குதளத்துக்குத் தெரியாது, இயக்கிக்கே தெரியும்.

1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அட்டை செய்த நிறுவனங்கள் பலவும் அதற்கு இயக்கி தரவில்லை. டொனால்டு பெக்கர் என்பவர் ஈதர்நெட் அட்டைகள் பலவற்றுக்குத் தாமே இயக்கி எழுதினார். 1994இல் அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் நாசாவின் காடர்டு மையத்தில் 16 சாதாரணக் கணினிகளை இணைத்து, 'பேவுல்ஃப்' என்னும் கூட்டுக் கணினியை அமைத்தனர்.

கம்பியில்லா அட்டைகள் வந்தபோது சிக்கல் மிகுந்தது. பிராட்காம் நிறுவனம் தன் அட்டைகளின் விவரங்களை வெளியிடவில்லை. ஆர்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு நிறுவனத்தின் இயக்கியை ஆராய்ந்து, அட்டை செயற்படும் முறையை மட்டும் குறிப்பாக எழுதியது. மற்றது அக்குறிப்பை மட்டுமே கொண்டு புதிய இயக்கியைப் படைத்தது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. 2006இல் அந்த இயக்கி லினக்ஸில் இடம்பெற்றது. 2010இல் நிறுவனமே தன் புதிய அட்டைகளுக்குத் திறந்த இயக்கி ஒன்றை வெளியிட்டது.

சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியான 'பாஸ்' இயங்குதளத்துக்கும் லினக்ஸே கரு. ஆகவே, எங்கோ ஒருவர் எழுதிய இயக்கி திருவொற்றியூர் மாணவர் ஒருவரின் கணினியிலும் வேலை செய்யும். அதைவிட முக்கியம், அவர் அதைப் படித்துப் பார்க்கலாம். பழுதிருப்பின் திருத்தவும் செய்யலாம்.