கடலூர்ச் சிறையும் ஒரு சொல்லின் வரலாறும்

1918 நவம்பரில், பத்தாண்டுக் காலப் புதுச்சேரி வாழ்வை முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் எல்லைக்குள் அடியெடுத்து வைத்த சுப்பிரமணிய பாரதியார் கடலூர் அருகே கைதுசெய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் கடலூர்ச் சிறையில் அடைபட்டிருந்த பின்னர், டிசம்பர் 14-ஆம் நாள் நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டார். அன்றைய காவல்துறையின் பார்வையில் அவர் மகாகவி அல்லர். கண்காணிக்கப்பட வேண்டிய ஆள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் நிழல், புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த அனைவர் மீதும் படிந்திருந்தது.

வாஞ்சியின் உடலில் கிடைத்த கடிதம் ஊன்றி வாசிக்கத்தக்கது. சனாதன தர்மம் மிதிபடுவதே அதில் முதன்மையான முறையீடு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதில் பசு மாமிசம் உண்ணும் மிலேச்சராக இகழப்படுகிறார். முற்றிலும் மதத்தின் மொழியில் அமைந்த சாசனம் அது. ஆயினும் பிற்கால வரலாறு அவரிடம் மதவெறியைக் காணவில்லை, தேசபக்தியையே கண்டது. அந்த ரயில் நிலையமும் இன்று வாஞ்சி மணியாச்சி என்றே வழங்குகிறது.

அதே சென்னை மாகாணத்தின் மேற்குக் கரையில் நிகழ்ந்ததோ வேறு. மலபாரின் மாப்பிள்ளைக் குடியானவர்கள் நிலவுடைமையாளரையும் ஆங்கிலேயரையும் எதிர்த்துக் கிளர்ந்தபோது, 1854-இல் அரசு இயற்றிய சட்டம் தன் தலைப்பிலேயே அச்சமூகத்தின் பெயரைத் தாங்கியது. குற்றமிழைத்தவர் மட்டுமன்றி அவர் வாழ்ந்த வட்டாரம் முழுவதும் தண்டம் செலுத்த அச்சட்டம் வழிவகுத்தது. கலகங்களின் வேர் நிலக் குத்தகை முறையில் உள்ளது என்று வில்லியம் லோகன் 1882-இல் அறிக்கை அளித்தார். அவரும் ஆங்கிலேய அதிகாரியே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஆயினும் ஆட்சியாளரின் ஏடுகளில் நிலைத்தது ‘மதவெறியர்’ என்னும் சொல்லே.

1921 எழுச்சியில் இந்துக்கள் கொல்லப்பட்டதையும் கட்டாய மதமாற்றம் நிகழ்ந்ததையும் மறைப்பது நேர்மையாகாது. ஆனால் வாஞ்சியின் மதமொழியை மன்னித்து அரசியலை மட்டும் எடுத்துக்கொண்ட அதே கண்கள், இங்கே அரசியலை விலக்கி மதத்தை மட்டும் எடுத்துக்கொண்டது எவ்வாறு? 1971-இல் கேரள அரசு அவ்வெழுச்சியில் பங்கேற்றோரை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2021-இல், தூக்கிலிடப்பட்ட ஆலி முஸ்லியார், சுட்டுக்கொல்லப்பட்ட வாரியங்குன்னத்து குஞ்ஞஹம்மது ஹாஜி உள்ளிட்ட 387 பெயர்களைத் தியாகிகள் அகராதியிலிருந்து நீக்குமாறு இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்தின் குழு பரிந்துரைத்ததாகச் செய்தி வெளிவந்தது.

சொல் மாறுவதும் உண்டு. 1965 ஜனவரி 27-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிதம்பரத்தில் திரண்ட மாணவர்கள் அன்றைய அரசுக்குச் சட்டம் ஒழுங்குச் சிக்கல். அங்கே காவல்துறையின் குண்டுக்கு இரையான அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன், 1967-இல் ஆட்சி மாறியபின் மொழிப்போர்த் தியாகியாகப் போற்றப்பட்டார்.

பாரதியார் அடைபட்ட கடலூரில், 2002-இல், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் கீழ்ப் பழ. நெடுமாறன் சிறைவைக்கப்பட்டார். புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பதே குற்றச்சாட்டு. சட்டம் அவரைப் பயங்கரவாத வழக்கில் நிறுத்தியது. தமிழ்ச் சமூகமோ அவரைத் தலைவர் என்றே தொடர்ந்து அழைத்தது. அதே வேளையில் கோவைச் சிறையில் அப்துல் நாசர் மதனி இருந்தார். 58 உயிர்களைப் பறித்த 1998 கோவைக் குண்டுவெடிப்பில் குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் மதனிக்குப் பொதுமக்கள் மனத்தில் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. 2007 ஆகஸ்டு 1-இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தபோது ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 2010-இல் பெங்களூர் வழக்கில் அவர் மீண்டும் கைதானார். 1992-இல் தம்மீது வீசப்பட்ட வெடிகுண்டில் ஒரு காலை இழந்தவர் அவர் என்பதை இன்றும் பலர் அறியார்.